முப்பத்தொரு காலைகள்

சிந்துஜாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அந்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று மையத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பாதிப் பொய். சிந்துஜாவின் பெயரில் எங்களிடம் இருந்த நாற்பது நாள் பதிவில் ஒன்பது நாள்தான் சிந்துஜா. மீதி முப்பத்தொரு நாளும் வேறு யாரோ ஒரு பெண். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. தூங்கும்போது அவள் இதயம் நின்று நின்று ஓடுகிறது என்பது மட்டும் தெரியும். சீக்கிரம் அவளைக் கண்டுபிடிக்காவிட்டால் ஒரு நாள் அது நின்றே போகும்.

என் பெயர் ரெஹானா, வயது ஐம்பத்து மூன்று. மாதவிடாய் நின்றுபோகும் காலத்தில் சாதாரண வைத்தியத்துக்கு அடங்காத தொல்லைகளோடு வரும் பெண்களுக்கென்றே ஈரோட்டுக்கு வெளியே ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. அதில் நான் டாக்டர். வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 2051ஆம் வருடத்திலும் பஸ்ஸில் ஏறி “சூட்டு ஆஸ்பத்திரி ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

எங்கள் வைத்தியம் எளிமையானது. இடது மணிக்கட்டில் ஒரு கறுப்பு வளையம் கட்டிவிடுவோம். நாற்பது நாள் அது உடம்பின் சூட்டையும் நாடியையும் தூக்கத்தையும் வியர்வையில் கசியும் சுரப்புகளையும் படிக்கும். நாற்பதாம் நாள் அந்தக் கணக்கை வைத்து மெஷின் ஒரு மருந்துத் திட்டம் போடும். நெல்மணி அளவுக் குப்பி ஒன்றைப் புஜத்தில் தோலுக்கடியில் வைத்து அனுப்பிவிடுவோம். அந்த உடம்புக்கென்று அளந்து அது மணிக்கு மணி மருந்தை விடும். பெண்கள் அதை ‘நெல்லு’ என்றுதான் சொல்வார்கள். வருடக்கணக்கில் தூங்காத பெண்களை அந்த நெல்லு தூங்க வைத்திருக்கிறது. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆரம்பத்தில் வளையத்துக்கு ஆளை அடையாளம் தெரியும். கட்டியிருப்பது அவள்தானா என்று நாடியை வைத்தே பார்த்துக்கொள்ளும். ஆனால் எங்களிடம் வரும் பெண்களுக்குச் சூடு பொங்கும்போது நாடி தலைகீழாக மாறிவிடும். உடனே வளையம் ‘இது வேறு ஆள்’ என்று கத்திவிட்டுக் கணக்கை நிறுத்திவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படி. “நீ பழைய ஆளே இல்லைன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, இந்தக் கருமமும் அதையேதான் சொல்லுது” என்று ஒருத்தி அதைக் கழற்றி என் மேஜைமேல் எறிந்தாள். அந்த அடையாளச் சோதனையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். இரக்கப்பட்டுத்தான் போட்டேன்.

இன்னொரு விதியும் என்னுடையதுதான். வளையம் பத்து நிமிடத்துக்கு மேல் தோலைவிட்டுப் பிரிந்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

காலை ஆறரைக்கு வளையம் பேசும். “இன்னைக்கு எப்படி இருக்கீங்க?” என்று கேட்கும். அவர்கள் சொல்லும் பதிலை மெஷின் எண்ணாக்கிவிடும். தூக்கம் மூன்று, எரிச்சல் எட்டு, வலி ஆறு. எங்களுக்கு எண்கள்தான் வரும். குரல்கள் ஒரு மூலையில் சேர்ந்து கிடக்கும். ஒவ்வொரு குரலுக்கும் பக்கத்தில் ‘கேட்டாயிற்று’ என்று ஒரு பொத்தான் உண்டு. நாற்பதாம் நாள் நாற்பதையும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டிவிடுவோம். இங்கே வந்த எட்டு வருடத்தில் ஒரு குரலைக்கூட நான் கேட்டதில்லை.

சிந்துஜா முதலில் வந்தபோது நாற்காலியில் உட்காரவே இல்லை. ஏ.சி.க்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள். காங்கேயத்துக்காரி, நாற்பத்தொன்பது வயது, தேங்காய்க் களம் வைத்திருக்கும் குடும்பம். நாற்பத்து நாலு வயதில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று யாரோ ஒரு டாக்டர் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார். பத்து வருடம் மெதுவாக நடக்க வேண்டியது அவளுக்கு ஒரே நாளில் நடந்துவிட்டது.

“எரியறது கூடப் பரவால்லீங்க டாக்டரம்மா. மூட்டு வலியும் பொறுத்துக்குவேன். போன வாரம் எம் பொண்ணு வாசல்ல நிக்கறா. கூப்படோணும். பேரு வரல. பெத்து, பேரு வெச்சு, இருவத்தஞ்சு வருசம் கூப்பிட்ட பேரு. மிதுலாங்கற மூணு எழுத்து வரலீங்க.”

“வரும். இது போகக்கூடியதுதான்.”

“அவளுக்கு ஏழு மாசம் ஆகப்போகுது. பிரசவம் நாந்தான் பாக்கோணும். கொழந்தையக் கையில வாங்கறப்ப நான் நானா இருக்கோணுமுங்க. அது போதும். அப்பறம் என்ன ஆனாலும் சரி.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வளையத்தைக் கட்டிவிட்டு, குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றேன். ஒன்பதாம் நாள் வளைகாப்பு வருகிறதே என்றாள். நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். வளைகாப்பானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, கழற்றினால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், அப்புறம் பிரசவத்துக்குள் முடியாது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

நாற்பதாம் நாள் மெஷின் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. தூக்கத்தில் இதயத் துடிப்பு மூன்று நான்கு விநாடி நிற்கிறது, உடனே பார்க்கவும் என்று. சிந்துஜாவைப் படுக்கவைத்து எல்லாச் சோதனையும் செய்தேன். இதயம் மணியாக ஓடியது. வளையத்தின் கோளாறாக இருக்கும் என்று எழுதி எச்சரிக்கையை மூடினேன். அன்று மத்தியானமே நெல்லு வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஃபோன் பண்ணினாள். “தூங்கறேனுங்க டாக்டரம்மா! கோழி கூப்பிட்டதே தெரியல.” பிறகு பேத்தி பிறந்ததற்கு ஒரு டப்பா நெய் மைசூர்பாகு வந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் களத்தில் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் பெருந்துறை தாண்டுவதற்குள் போய்விட்டாள். நுரையீரலில் ரத்தக்கட்டி. அவள் ரத்தம் லேசில் உறையக்கூடியது. நெல்லு விட்டுக்கொண்டிருந்த அளவு அவள் உடம்புக்கு விஷம். நாற்பது நாளும் அவள் கையிலேயே வளையம் இருந்திருந்தால் அது மெஷினுக்குத் தெரிந்திருக்கும்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று இன்ஜினியர்கள் சொன்னார்கள். வேறு வழி தெரியாமல், முதன்முறையாக அந்தக் குரல்களைத் திறந்து கேட்டேன். ஒன்பது காலை சிந்துஜா படபடவென்று புலம்பினாள். பத்தாம் காலை நிதானமான, கொஞ்சம் கரகரத்த ஒரு குரல் வந்தது. “சிந்துஜா பேசறேனுங்க” என்றது.

என் அறையில் தனியாக உட்கார்ந்து முப்பத்தொரு காலையையும் கேட்டேன். ஒவ்வொரு காலையும் “சிந்துஜா பேசறேனுங்க” என்றுதான் அது தொடங்கியது. பிறகு ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொன்னாள். பாதம் எரிவது, காரணமில்லாமல் அழுகை வருவது, சோறு பொங்கினோமா இல்லையா என்று மறப்பது. ஒரு நாள், “நேத்து நல்ல மழைங்க, களத்துல தார்ப்பாய் போட்டோம், உங்க ஊர்லயும் பேஞ்சுதுங்களா?” என்று வளையத்திடம் விசாரித்தாள்.

காங்கேயத்தில் அந்த வீட்டை விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. தெருமுனையிலேயே கொப்பரை வாசம் வந்தது. களத்தில் உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. நடுவில் நின்ற ஒரு பெண், ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். நெற்றியிலும் கையிலும் ஒன்றும் இல்லை.

“வாங்க, உள்ள வந்து உக்காருங்க. கொழுந்தனார் மில்லுக்குப் போயிருக்காரு. மிதுலா இப்பத்தான் கொழந்தையத் தூங்கப் போட்டா.”

அந்தக் குரலை நான் முப்பத்தொரு முறை கேட்டிருந்தேன்.

அவள் பெயர் தேன்மொழி. சிந்துஜாவின் கணவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் யாரென்று சொன்னதும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது.

“வளையத்தக் கட்டியிருந்தது நீங்கதானே?”

அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“வளைகாப்பன்னைக்குங்க. சம்பந்தி ஊட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் கூடத்துல உக்காந்துட்டாங்க. பெத்தவ மொத வளையலப் போடோணும். போடற கையில கன்னங்கரேல்னு இது. சம்பந்தியம்மா பாத்துட்டு, ‘நல்ல காரியத்துல இதென்னங்க கறுப்பு’ன்னாங்க. கழட்டுனா ஒண்ணுல இருந்து எண்ணோணுமுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க. பின்னாடி ஓடியாந்தா. நான் அடுப்புகிட்ட இருந்தேன். எனக்கு முன்னாடி என்னுங்க வேலை, அன்னைக்கு?” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த ஊட்டுலயே கையில வளையல் இல்லாதவ நான் ஒருத்திதான். ‘அக்கா, கைய நீட்டு’ன்னா. நீட்டுனேன்.”

“சாயங்காலம் திருப்பிக் கட்டியிருக்கலாமே?”

“ஒறம்பரை மூணு நாள் இருந்தாங்க. மறுநா காத்தால அது என்ற கையில இருந்து ‘இன்னைக்கு எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டுச்சு.” கழுத்துத் துண்டை எடுத்து மடித்தாள். “இந்த ஊட்டுல எல்லாரும் நல்லவங்கதானுங்க. சோத்துக்குக் கொறையில்ல. ஒரு சொல்லு எச்சாச் சொன்னதில்ல. ஆனா பதினோரு வருசமா அந்த வார்த்தைய யாரும் என்னக் கேட்டதில்லீங்க. நான் பாட்டுக்கு வேலை செஞ்சுட்டிருந்தா, கேக்கோணும்னு அவங்களுக்கு எப்படித் தோணும்? அழுகை வந்துருச்சு. அவ பேருல இருக்கற பொருளாச்சே, சிந்துஜா பேசறேன்னு சொல்லிட்டேன். அப்பறம் என்ற உடம்பச் சொன்னேன்.”

“அப்ப சிந்துஜா?”

“கதவோரம் நின்னு கேட்டிருக்கா போல. நாலாம் நா கழட்டிக் குடுத்தா வாங்கமாட்டேங்கறா. ‘நீயே வெச்சுக்கக்கா. துண்ட நனைச்சுக் கழுத்துல போட்டுட்டுக் களத்துல நிக்கறயே, எனக்குக் கண்ணு இல்லையா? உன்னையும் ஒருத்தர் காத்தால கேக்கட்டும்’னா. அப்ப உன்ற வைத்தியம் என்னாவறதுன்னேன். ‘ஒரே ஊட்டுச் சோறு, ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே களத்து வெய்யிலு. என்ற சூடு வேற, உன்ற சூடு வேறயா? யாரு கையில இருந்தாலும் கணக்கு ஒண்ணாத்தான் வரும்’னு சிரிச்சா. உங்ககிட்ட வர்ற அன்னைக்கு மட்டும் மாத்திக் கட்டிக்குவா.”

நான் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றாதே என்று சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. வேறு கையில் கட்டினால் உயிர் போகும் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி யார் செய்வார்கள் என்று நினைத்தேன். சர்க்கரை மாத்திரையைக்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து கைமாற்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, இப்படி நினைத்தேன்.

தேன்மொழி என் முகத்தையே பார்த்தாள். “நான் கட்டுனதாலதான் அவளுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?”

கேட்பாள் என்று தெரியும். வழி நெடுகப் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். மையத்தின் விசாரணையில் உண்மையை முழுக்கச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே குற்றவாளி நான். இங்கே உண்மையைச் சொன்னால் குற்றவாளி இவளாகிவிடுவாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“இல்ல,” என்றேன். “ரத்தம் உறையறது யாருக்கு வேணும்னாலும் வரும். மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“நெல்லு எந்தக் கணக்குல வெச்சீங்க?”

“அவங்க முதல் ஒன்பது நாள் கணக்குலதான். உங்க நாளையெல்லாம் மெஷின் தானாவே தள்ளிடுச்சு.”

“ஒம்பது நாளு போதுமுங்களா?”

“போதும்.”

சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். பாதி என் புடவையில் சிந்தியது. அவள் எழுந்து ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

“சரிங்க,” என்றாள்.

பிறகு வந்த வேலையைச் சொன்னேன். அந்த முப்பத்தொரு நாளில் அவள் இதயம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது, இந்த வாரமே ஒரு சின்னக் கருவி வைத்தாக வேண்டும், வைத்தால் ஆபத்தில்லை, வைக்காவிட்டால் தூக்கத்திலேயே போய்விடுவாள் என்றேன். ஒரு வைத்தியமும் வேண்டாம் என்றாள். சிந்துஜா போன வீட்டில் தான் இருந்து என்ன ஆகப்போகிறது என்றாள். நான் கெஞ்சினேன். எட்டு வருட சர்வீஸில் எந்த நோயாளியிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. மிதுலா தூக்கக் கலக்கத்தில் “பெரியம்மா, கொஞ்சம் வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

தேன்மொழி எழுந்து போனாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, என் முன்னால் நின்றாள்.

“இந்தக் கொழந்தை எப்ப எந்திரிச்சு நடக்குமுங்க?”

“இன்னும் எட்டு ஒன்பது மாசம் ஆகும்.”

“அதுவரைக்கும் தூக்கோணுமே,” என்றாள். “வர்றேன்.”

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் பெயரைத் தவிர. நோயாளி விதியை மீறிவிட்டார், மையத்தின் மீது தவறில்லை என்று எழுதி முடித்தார்கள். சிந்துஜாவை இரண்டாம் முறை கொன்றது மாதிரி இருந்தது. சத்தம் போட்டேன். அதற்குப் பலனாக இரண்டு மாற்றங்கள் கிடைத்தன. அடையாளச் சோதனை திரும்ப வந்தது. காலைக் குரல்களை இனி டாக்டரே ஒவ்வொன்றாகக் கேட்டு, கேட்ட பிறகே ‘கேட்டாயிற்று’ என்று அழுத்த வேண்டும்.

தேன்மொழிக்கு இதயக் கருவி வைத்தாயிற்று. நன்றாக ஓடுகிறது. அவளுடைய சூட்டுக்கு வைத்தியம் செய்ய, அவள் பெயரிலேயே ஒரு வளையம் கட்டி அனுப்பினேன். நாற்பது நாள், வேறு யார் கைக்கும் போகக் கூடாது, போனால் உயிருக்கு ஆபத்து என்று இந்த முறை ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அன்று சொன்ன பொய்யை நானே உடைக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அவள் கையை நீட்டியபடி, ஒன்றுமே கேட்காமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான். நான் கெட்டிக்காரியும் இல்லை.

மறுநாள் காலைப் பதிவைத் திறந்தேன்.

“இன்னைக்கு எப்படி இருக்கீங்க?”

“தேன்மொழி பேசறேனுங்க. இப்ப என்ற பேருலயே குடுத்துட்டாங்க.” கொஞ்சம் இருமினாள். “தூங்கினேன். எரிச்சல் அப்படியேதான் இருக்குது. கொழந்தை நேத்து சிரிச்சுது. அவளாட்டவே எடது கன்னத்துல குழி விழுகுதுங்க.”

பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் எங்கோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், உங்களோடவே இருக்கட்டும். ஒம்பது நாள் போதும்னா, நாப்பது நாள் எதுக்குங்க கட்டச் சொல்றாங்க? கழட்டுனா எதுக்கு ஒண்ணுல இருந்து எண்ணோணும்? என்ற கணக்குலதான் அவளுக்கு நெல்லு வெச்சிருக்காங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்க எனக்கு.” மூச்சை இழுத்துவிட்டாள். “டாக்டரம்மாகிட்டச் சொல்லீராதீங்க. பாவம், எனக்காகப் பொய் சொல்லிப்போட்டு, குடிச்ச தண்ணியப் பாதி பொடவையில சிந்திக்கிட்டாங்க. எனக்குத் தெரியுமுன்னு தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாங்க.”

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நான் அழுதேன். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நாற்பது நாளும் முடிந்து, தேன்மொழிக்கு அவள் கணக்கிலேயே நெல்லும் வைத்தாயிற்று. அவளுடைய எல்லாக் காலையையும் ஒன்று விடாமல் கேட்டேன். கேட்டதும் பொத்தானை அழுத்தினேன். அந்த முதல் காலைக்கு மட்டும் அழுத்தவில்லை. பட்டியலில் அந்த ஒன்று மட்டும் இன்றுவரை யாரும் கேட்காத பதிவாகவே இருக்கிறது.